சுகர் இருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவு: ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா?

‘தும்மினா கசியுது’, ‘பாத்ரூம் போறதுக்குள்ள வந்துடுது’... பல பெண்கள் இதை டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. சுகர் ரிப்போர்ட்டைக் காட்டி, மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், இந்தக் கசிவுக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு.

எத்தனை பேருக்கு?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2001-02 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வாரம் ஒருமுறையாவது கசிவு இருப்பதாகச் சொன்னவர்கள், சுகர் இல்லாத பெண்களில் சுமார் 17%. சுகர் உள்ளவர்களில் 35%. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிலும் 33%!

ஏன் இப்படி ஆகிறது?

* ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால், சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியேற்றும். கூடவே தண்ணீரும் போகும். சிறுநீர்ப்பை சீக்கிரம் நிரம்பிவிடும்.
* பல வருடங்கள் சுகர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் நரம்புகள் பாதிக்கப்படும். பை நிரம்பியதே தெரியாது. முழுசாகக் காலியும் ஆகாது. மிச்சம் வழிந்து கசியும்.
* சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். அதுவும் அவசரத்தைக் கூட்டும்.
* உடல் எடை, பிரசவம், மெனோபாஸ் ஆகியவை இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும்.

சுகருக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் சிறுநீரை அதிகமாக்கும். அதற்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும், மாற்று வழி பார்ப்பார்.

தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. ஆபீஸ் டாய்லெட்டுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தால், சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் தொற்று அபாயமும்தான் கூடும். காபி, டீயைக் குறைத்துப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்?

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், எடையில் 7% குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. இந்தக் குழுவில் இருந்த பெண்களில் 38% பேருக்கு வாராந்திரக் கசிவு இருந்தது. மருந்தில்லா மாத்திரை சாப்பிட்ட குழுவில் அது 46%.

கெகல் பயிற்சியும் கைகொடுக்கும். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை 5 விநாடி இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். 10 முறை, தினமும் மூன்று வேளை. பலன் தெரியச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம்.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், முழுசாகப் போகாத உணர்வு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி, அடுத்த சுகர் செக்கப்பில் கசிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா கூச்சப்பட்டால், மகள் கேட்கலாம்.