டீசலா, பெட்ரோலா? பழைய சரக்கு வண்டி வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

பழைய சிறு சரக்கு வண்டி வாங்கக் கடன் நாடி வரும் வாடிக்கையாளர்களிடம் எந்த எஞ்சின் என்று கேட்டால், பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் டீசல் என்றே விடையளிக்கின்றனர். எரிபொருள் மலிவு, இழுவை அதிகம், விற்கும்போது விலை போகும் என மூன்று காரணங்களைச் சொல்கின்றனர். மூன்றும் ஒரு காலத்தில் ஐயமற்ற உண்மைகள். இன்றும் பலருக்கு அவை பொருந்தும். ஆனால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் 120 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது என்பதே எங்கள் கருத்து.

முதலில் விலையைப் பார்ப்போம். 2012 மே மாதத்தில் தில்லியில் பெட்ரோல் லிட்டருக்கு 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் குறைவாக விற்றது. அந்த 32 ரூபாய் இடைவெளிதான் டீசலின் புகழுக்கு அடித்தளம். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டபின் இடைவெளி சுருங்கியது. 2020 ஜூனில் தில்லியில் சில வாரங்கள் டீசலே பெட்ரோலைவிடக் கூடுதல் விலைக்கு விற்றது. அந்நிலை நீடிக்கவில்லை எனினும், பழைய இடைவெளி திரும்பி வரவுமில்லை. எனினும் அந்தக் காலத்துக் கணக்கை வைத்தே இன்றும் வண்டி வாங்குவோர் பலர்.

இந்தக் கேள்வி எல்லா லாரிகளுக்கும் எழுவதில்லை. நடுத்தர, கனரக லாரிகளில் டீசலே பெருவழக்கு. தெரிவு உண்மையிலேயே இருப்பது முக்கால் டன் அளவிலான சிறு வண்டிகளில்தான். 2005இல் டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் வந்தது. வட இந்தியர் அதைச் 'சோட்டா ஹாத்தி' என்றனர், நம்மவர் 'குட்டி யானை' என்றனர். மாருதி சூப்பர் கேரி 2016இல் டீசல் வண்டியாகவே அறிமுகமாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது அந்நிறுவனம் டீசல் எஞ்சினையே கைவிட்டது. அதே ஆண்டில் ஏஸ் வண்டியும் பெட்ரோலில் வரத் தொடங்கியது. ஆகவே இன்று பழைய வண்டிச் சந்தையில் இருவகையும் அருகருகே நிற்கின்றன.

இழுவை பற்றிய நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள எஞ்சின்களில், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் திறன் பொதுவாக டீசலுக்கு உண்டு. டர்போ பொருத்திய டீசலில் இது நன்றாகவே தெரியும். ஆனால் தொடக்க கால டீசல் ஏஸின் 702 சி.சி. எஞ்சின் தந்தது சுமார் 16 குதிரைத்திறன். பின்னர் வந்த பெட்ரோல் ஏஸ் 694 சி.சி. எஞ்சினில் ஏறத்தாழ 30 குதிரைத்திறன் தருகிறது. டீசல் என்ற பெயரே மேடு ஏற்றிவிடாது. எந்த வண்டி, எந்த எஞ்சின் என்று பார்த்தாக வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம்; வாசகர்கள் தத்தம் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்க. டீசல் லிட்டர் 92 ரூபாய், வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது எனில் ஒரு கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு. பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனில் 6 ரூபாய் 67 காசு. வேறுபாடு 2 ரூபாய் 7 காசு. ஒத்த வயதுள்ள டீசல் வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால், அந்தத் தொகையை எரிபொருள் மிச்சத்திலிருந்து மீட்க ஏறத்தாழ 43,500 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மாதம் 25 நாள், நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடுபவர் இதைப் பதினைந்தே மாதங்களில் எட்டிவிடுவார். அதன் பிறகு மாதந்தோறும் ஆறாயிரத்துக்கும் மேல் மிச்சம். அவர் டீசல் வாங்குவதே முறை. ஊருக்குள் தண்ணீர்க் கேன் போடுபவர், மளிகைக் கடைகளுக்குச் சரக்கு இறக்குபவர் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 43 மாதங்களுக்கு மேல் ஆகும். அவர் எடுத்த கடன் 36 மாதத் தவணைக் கடனாயின், தவணை முடிந்த பின்னும் டீசலின் ஆதாயம் கைக்கு வந்திராது. கூடுதல் 90,000 ரூபாய்க்கான வட்டியையும், டீசல் எஞ்சினின் பம்பு, இன்ஜெக்டர் பழுதுச் செலவையும் இதில் நாங்கள் சேர்க்கவேயில்லை. இந்த ஒரு கணக்கை வண்டி பார்க்கச் செல்லும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஓட்டக் கிலோமீட்டரை ஆசைக்கு எழுதாமல், கையிலுள்ள வாடகையை வைத்து எழுத வேண்டும்.

குறைந்த ஓட்டம் உள்ளவர்கள் டீசலைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரி எரிந்து தீர, புகைக்குழாய் நன்கு சூடேறும்படி வண்டி சிறிது நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று செல்லும் வண்டியில் அதற்கு வாய்ப்பில்லை. கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவை குறையும். புதிய வடிகட்டியின் விலை சிறு வண்டிக்காரரின் சில மாத வருமானத்தை விழுங்கக்கூடியது. இதை அறிந்த சிலர் வடிகட்டியைக் கழற்றிவிட்டு வண்டியை விற்கின்றனர். அது சட்டத்துக்குப் புறம்பானது. வாங்குபவர் தலையில் வந்து விடியும். பி.எஸ். 6 டீசல் வண்டி பார்ப்போர், அவ்வண்டியில் என்ன ஏற்பாடு உள்ளது, அது இடத்தில் இருக்கிறதா என்று நிறுவனப் பணிமனையில் காட்டிவிடுவது நலம்.

எந்த எஞ்சின் ஆயினும், வண்டியைக் காலையில் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். தேய்ந்த டீசல் எஞ்சின் குளிரில்தான் தன் நிலையைக் காட்டும்: செல்ஃப் நீண்ட நேரம் இழுக்கும், வெண்புகை நிற்காது. நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வெளிவருவதை மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பர். போரும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அத்தகைய எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவில் வாங்கியபோது கிடைத்த மலிவு கரைந்துவிடும். பெட்ரோல் வண்டியில் கவனிக்க வேண்டியது கிளட்ச். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றியிருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தட்டையாகியிருக்கும், சேசிஸில் வெல்டிங் தழும்பு தெரியும்.

பெட்ரோல் வண்டியில் பின்னர் சி.என்.ஜி. பொருத்தியிருந்தால் அது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சிலிண்டரின் அழுத்தச் சோதனைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பங்கு அருகில் இல்லாத ஊரில் மலிவு வாயுவால் பயனில்லை.

தில்லி வட்டாரத்திலிருந்து டீசல் வண்டிகள் வியப்பூட்டும் குறைந்த விலைக்குப் பிற மாநிலங்களுக்கு வருவதுண்டு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த ஆணையும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியதும் இதற்கு முக்கியக் காரணம். அதன் அமலாக்கம் பலமுறை மாறியுள்ளதால் வாங்கும் நாளின் நிலையைக் கேட்டறிய வேண்டும். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரியும் கட்ட வேண்டும். இவற்றைக் கூட்டிய பிறகே விலை மலிவா என்று சொல்ல முடியும்.

வண்டி எட்டு ஆண்டைக் கடந்துவிட்டால் தகுதிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கடன் தருவோரும் வண்டியின் வயதையும் தவணைக் காலத்தையும் சேர்த்தே பார்ப்பர். முந்தைய உரிமையாளரின் கடன் ஆர்.சி.யில் இன்னும் பதிவில் இருந்தால், அவருக்குக் கடன் தந்த நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35 கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். நிலுவை அபராதங்கள், காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றைப் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.