முதலில் காசு, பிறகு அடுப்பு

வீட்டுச் செலவின் கதை – 9

ஒரே தெருவில் மூன்று வீடுகள். மூன்றிலும் ஒரே அளவு கரண்ட், ஒரே அளவு கேஸ். ஆனால், ஆண்டு முடிவில் மூன்று வீட்டுக்காரர்களும் மூன்று வேறு தொகை கட்டியிருப்பார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும் இது சட்டப்படியே நடப்பதுதான்.

கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் என்ற ஆணையம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைக்கு ஓர் உச்சவரம்பு அறிவிக்கிறது. 2024 அக்டோபரில் வந்த கணக்கைப் பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் 'டைரக்ட் டெபிட்' முறையில் இருக்கும் சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,717 பவுண்டு. முன்பணம் போட்டால் மட்டுமே ஓடும் 'ப்ரீபேமென்ட்' மீட்டர் வைத்திருந்தால் 1,669 பவுண்டு. 'நீ பில் அனுப்பு, பார்த்துவிட்டுக் கட்டுகிறேன்' என்பவருக்கு 1,829 பவுண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கடைசிக் கணக்கு உறுத்தும். நம் ஊரில் இரண்டு மாதம் எரித்துவிட்டு, ரீடிங் எடுத்த பிறகு பணம் கட்டுவதுதான் வழக்கம். பிரிட்டனில் ஆக விலை கூடிய வழி அதுதான்.

பணம் கட்டும் முறையை வைத்து விலையை மாற்றும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பிரிட்டனில் கேஸ் என்பது வசதியானவர்களின் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். வாரக்கூலி வாங்கும் குடும்பம் மூன்று மாதத் தொகையை எப்படி மொத்தமாகச் சேர்த்து வைக்கும்? கம்பெனிகளுக்கும் அவர்களை நம்பிக் கடன் கொடுக்கத் துணிவில்லை. 1887இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரவுன்ஹில் என்பவர் இதற்கு ஒரு பூட்டும் சாவியும் சேர்ந்த தீர்வு கண்டார். ஒரு பென்னி நாணயத்தைத் துளையில் போட்டால், அந்தக் காசுக்கு உரிய கேஸ் மட்டும் வரும் மீட்டர் அது. தீர்ந்தால் அடுப்பு அணையும். இன்னொரு பென்னி போட வேண்டும்.

1890களில் லண்டனின் சவுத் மெட்ரோபாலிட்டன் கம்பெனி இந்த மீட்டரைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு எடுத்துச் சென்றது. குழாய் போட்டு, அடுப்பும் கொடுத்தார்கள். கையிலிருந்து ஒரு காசு போட வேண்டாம். கரி அடுப்போடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு இது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அடுப்புக்கும் குழாய்க்கும் ஆன செலவைக் கம்பெனி விட்டுக்கொடுக்கவில்லை. பில் கட்டும் பணக்கார வீட்டைவிட, பென்னி போடும் வீட்டுக்கு ஒரு காசுக்குக் குறைவான கேஸ் வரும்படி மீட்டரைத் திருகி வைத்தார்கள்.

காசு எடுக்க வரும் ஆளைப் பற்றி அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து, சமையலறை மேஜையில் பென்னிகளைக் கொட்டுவார். அடுக்கடுக்காக எண்ணுவார். கம்பெனிக்கு உரியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டுக்காரம்மாவிடம் தள்ளுவார். மீட்டர் கூடுதலாக வசூலித்திருக்குமே, அதில் ஒரு பகுதிதான் இந்த 'ரிபேட்'. கேஸ்காரர் வரும் நாளைக் குழந்தைகள் பண்டிகைபோல் எதிர்பார்த்திருந்தார்களாம். தன் பணமே திரும்பி வந்ததைப் பரிசாக நினைக்கவைத்த வியாபார சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பென்னி போய் ஷில்லிங் வந்தது. 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய பிறகு 50 பென்ஸ் வந்தது. காசு நிறைந்த பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தால் திருடனுக்குச் சொல்லவா வேண்டும்? மெல்ல மெல்ல நாணயம் ஒழிந்து, கரண்டுக்குச் சாவி வடிவப் பிளாஸ்டிக் துண்டும், கேஸுக்கு அட்டையும் வந்தன. அவற்றை மூலைக்கடையில் நீட்டிப் பணம் ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் செருக வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் அந்த மூலைக்கடைகளில் கணிசமானவற்றை நடத்துபவர்கள் ஈழத்தமிழர்கள். பாலும் ரொட்டியும் விற்கும் அதே கல்லாவில், 'பத்து பவுண்டு டாப்பப்' என்ற குரலையும் நாள் முழுக்கக் கேட்பவர்கள் அவர்கள்.

அந்தப் பத்து பவுண்டு எங்கே போகிறது என்பதில்தான் சூட்சுமம். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரு நிலைக்கட்டணம் உண்டு. 2024 அக்டோபர் வரம்பில் அது கரண்டுக்கு ஏறக்குறைய 61 பென்ஸ், கேஸுக்கு 32 பென்ஸ். கோடையில் ஹீட்டர் போடாமல் மூன்று மாதம் கேஸ் கார்டைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் சும்மா இருக்காது. நாளுக்கு 32 பென்ஸ் வீதம் 29 பவுண்டு பாக்கி எழுதி வைத்திருக்கும். முதல் குளிர் அடிக்கும் நாளில் பத்து பவுண்டு ஏற்றினால் அது பாக்கியில் கரையும். வீடு சில்லென்றே இருக்கும். பழைய கடன் ஏதாவது இருந்தால் அதற்கும் வாரந்தோறும் ஒரு தொகை கழியும். கோடையிலும் கேஸ் கார்டில் கொஞ்சம் பணம் ஏற்றிக்கொண்டே இருங்கள் என்று ஆலோசனை மையங்கள் சொல்வது இதனால்தான். மீட்டரில் ஐந்து முதல் பத்து பவுண்டு வரை அவசரக் கடன் வசதி உண்டு. அதையும் பிறகு அடைக்க வேண்டும்.

2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு கேஸ் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் டைரக்ட் டெபிட் வீட்டுக்கு வரம்பு 1,971 பவுண்டு. ப்ரீபேமென்ட் வீட்டுக்கு 2,017. அதாவது முன்கூட்டியே பணம் கொடுத்தவர்தான் அப்போதும் அதிகம் கொடுத்தார். சாவி, அட்டை, கடை கமிஷன், மீட்டர் பராமரிப்பு என்று கம்பெனிகள் கணக்குக் காட்டின. கணக்கு பொய்யில்லை. ஆனால், அந்த மீட்டர் பெரும்பாலும் இருந்தது கையில் காசில்லாதவர்கள் வீட்டில். பிரிட்டனில் நாற்பது லட்சம் வீடுகளுக்கு மேல் இந்த மீட்டரில் ஓடுகின்றன. 2022இல் மட்டும் 32 லட்சம் பேர் ஏற்றப் பணமில்லாமல் ஒருமுறையாவது இருட்டிலோ குளிரிலோ இருந்தார்கள் என்று சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு கணக்கிட்டது. இதில் கம்பெனி வந்து லைனைத் துண்டிக்கத் தேவையே இல்லை. காசு தீர்ந்தால் மீட்டரே துண்டித்துவிடும். துண்டிப்புப் பட்டியலில் கம்பெனியின் பெயரும் வராது.

இந்த வசதி கம்பெனிகளுக்குப் பிடித்துப்போனது. பில் பாக்கி வைத்தவர்கள் வீட்டில் நீதிமன்ற வாரண்டோடு நுழைந்து, பழைய மீட்டரை எடுத்துவிட்டு ப்ரீபேமென்ட் மீட்டரைப் பொருத்தினார்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் 'தி டைம்ஸ்' நாளிதழின் நிருபர் ஒருவர், பிரிட்டிஷ் கேஸ் கம்பெனிக்காக வேலை பார்த்த ஆர்வாட்டோ என்ற வசூல் நிறுவனத்தில் ரகசியமாகச் சேர்ந்து பார்த்ததை எழுதினார். சிறு குழந்தைகள் இருந்த வீடுகளிலும் பூட்டை உடைத்து மீட்டர் மாற்றியது வெளியே வந்தது. நாடு கொதித்தது. ஆஃப்ஜெம் கட்டாய மீட்டர் வேலையை நிறுத்தச் சொன்னது. வாரண்ட் மனுக்களை எடுக்க வேண்டாம் என்று மூத்த நீதிபதி எடிஸ் கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டார். பிறகு வந்த விதிப்படி, துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலும் கட்டாயமாகப் பொருத்தக் கூடாது. மற்ற வீடுகளிலும் குறைந்தது பத்து முறை தொடர்புகொள்ள முயன்ற பிறகுதான் அந்தப் பேச்சையே எடுக்கலாம்.

விலையும் அந்த அதிர்ச்சியில்தான் திருந்தியது. 2023 ஜூலை முதல் கூடுதல் கட்டணத்தை அரசு தன் பணத்தால் ஈடுகட்டியது. 2024 ஏப்ரலில் ஆஃப்ஜெம் நிலைக்கட்டணத்தையே சமன் செய்தது. ப்ரீபேமென்ட் வீட்டுக்கு ஆண்டுக்கு 49 பவுண்டு குறைந்தது; அதற்காக டைரக்ட் டெபிட் வீடு 10 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தது. பென்னி மீட்டர் காலத்திலிருந்து தொடர்ந்த தலைகீழ்க் கணக்கு, நூற்றாண்டு கடந்து இப்படி நேரானது.

அப்படியானால் எல்லோரும் ப்ரீபேமென்ட்டுக்கு மாறிவிடலாமா? 2024 அக்டோபர் கணக்கில் டைரக்ட் டெபிட்டைவிட 48 பவுண்டு மிச்சம் என்பது தாளில் சரி. பிரிட்டன் வீடு கேஸைச் செலவழிப்பது முக்கால்வாசியும் குளிர்காலத்தில். ஜனவரியில் வாரத்துக்கு வாரம் ஏற்ற வேண்டிய தொகை, ஜூலையைப்போலப் பல மடங்கு. அந்தக் குளிரில்தான் கிறிஸ்துமஸ் செலவும் வந்து நிற்கும். டைரக்ட் டெபிட்டில் ஆண்டுச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். கோடையில் கட்டியது கணக்கில் சேர்ந்து, குளிர்காலத்தில் கரையும். மாதச் சம்பளக்காரருக்கு இதுதான் நிம்மதி. போட்டிபோட்டு அறிவிக்கப்படும் ஓராண்டு நிலையான விலைத் திட்டங்களும் பெரும்பாலும் டைரக்ட் டெபிட்காரர்களைத்தான் குறிவைக்கின்றன. விலை இறங்கும் காலத்தில் வெளியேறினால் அபராதம் கேட்கும் திட்டங்களும் அவற்றில் உண்டு என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டைரக்ட் டெபிட்டிலும் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. மாதத் தொகையை நிர்ணயிப்பது கம்பெனி. 2022 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளின் மாதத் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதை ஆஃப்ஜெம் கண்டுபிடித்து, கம்பெனிகளிடம் விளக்கம் கேட்டது. மீட்டர் ரீடிங்கை நாமே அனுப்பாவிட்டால் உத்தேசக் கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். குளிர்காலம் முடிந்த பிறகும் கணக்கில் நூற்றுக்கணக்கான பவுண்டு நிற்கிறது என்றால், அதைத் திருப்பிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தக்க காரணம் இல்லாவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள்தான் குறைவு.

மிஞ்சியது, பில் பார்த்துக் கட்டும் முறை. இதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை. பணம் தாமதமாக வருவது, வராமலே போவது, பில் அச்சடித்துத் துரத்துவது எல்லாவற்றையும் கம்பெனிகள் இந்தப் பிரிவின் தலையிலேயே கட்டுகின்றன. வங்கிக் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுப்பதா என்று பயப்படும் முதியவர்கள் இதில் நிறையப் பேர். 2024 அக்டோபர் கணக்கில் அந்தப் பயத்தின் விலை ஆண்டுக்கு 112 பவுண்டு. தவறாக எடுத்த பணத்தை வங்கியே உடனே திருப்பித் தரும் உத்தரவாதம் டைரக்ட் டெபிட்டுக்கு உண்டு. மாதாமாதம் எரித்ததற்கு மட்டும் எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட்டையும் பல கம்பெனிகள் தருகின்றன. பில் பார்த்துக் கட்டும் மனத்திருப்தி அதிலும் கிடைக்கும்.

வட அயர்லாந்து தனிக் கதை. ஆஃப்ஜெமின் வரம்பு அங்கே செல்லாது. அங்கே ஏறக்குறையப் பாதி வீடுகள் கீபேட் மீட்டரில் எண்ணை அழுத்திப் பணம் ஏற்றுகின்றன. வசதியான வீடுகளும் விரும்பியே அதை வைத்திருக்கின்றன. அங்கே அது ஏழ்மையின் அடையாளம் ஆகவில்லை.

ப்ரீபேமென்ட்டில் கடனோடு இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: கரண்டுக்கும் கேஸுக்கும் தனித்தனியே 500 பவுண்டு வரை பாக்கி இருந்தாலும், அந்தக் கடனோடு வேறு கம்பெனிக்கு மாற முடியும். நாள்கூலி, பகுதிநேர வேலை என்று வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இன்றைய நிலையில் ப்ரீபேமென்ட் மோசமில்லை. மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கு டைரக்ட் டெபிட்டும், மாதம் ஒரு ரீடிங்கும். பில்லுக்குக் காத்திருப்பது மட்டும் யாருக்கும் கட்டுப்படியாகாது.

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ வயதான சித்தப்பா, மாமி இருக்கும் வாசகர்கள் அடுத்த முறை போனில் பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'கரண்ட் பில்லை எப்படிக் கட்டுகிறீர்கள், கணக்கில் கம்பெனியிடம் எவ்வளவு நிற்கிறது?' இரண்டுக்கும் பதில் அவர்கள் கையில் இருக்கும் பில்லிலேயே அச்சிட்டிருக்கும்.

(தொடரும்)