ஃபால்மத் பாப்திஸ்து ஆலயம்: ஒரு தோட்டத் துறைமுகத்தின் விடுதலை வரலாறு

முன்னுரை

தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதும்போது நாம் கணக்கேடுகளையும் கப்பற் பயணிகள் பட்டியல்களையுமே பெரிதும் சான்றாகக் கொள்கிறோம். அவை முதலாளிகளும் அரசும் எழுதிவைத்தவை. உழைத்தவர்கள் தாமே எழுப்பிய சான்றுகளும் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை வழிபாட்டிடங்கள். மலேசிய இரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஜமைக்காத் தீவின் வடகரையில் ஃபால்மத் என்னும் சிறு கடற்கரை நகரில் அமைந்த பாப்திஸ்து ஆலயத்தின் வரலாற்றை இந்நோக்கில் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. அவ்வாலயம் யாருடைய ஆக்கம் என்பதே இதன் அடிப்படை வினா.

நகரும் சபையும்

ஃபால்மத் 1769இல் உருவான துறைமுகம். அடுத்த ஆண்டு ட்ரெலானி என்னும் தனி மாவட்டம் அமைந்தபோது அப்பகுதிக் கரும்புத் தோட்டங்களின் சர்க்கரையும் ரம் மதுவும் இத்துறைவழியே இங்கிலாந்து சென்றன. அத்தோட்டங்களில் உழைத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழியினரும் ஆவர்.

இத்தீவில் பாப்திஸ்து சமயத்தை முதலில் பரப்பியவர் ஆங்கிலப் போதகர் அல்லர். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜார்ஜ் லைல் என்பவர். கப்பற் செலவுக்காக ஒப்பந்த ஊழியராகத் தம்மைப் பிணைத்துக்கொண்டு 1783இல் கிங்ஸ்டன் வந்து சேர்ந்த அவர், அக்கடனை உழைத்தே தீர்த்தார். போதித்தமைக்காகச் சிறையும் கண்டார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மோசஸ் பேக்கர் தீவின் மேற்குத் தோட்டங்களில் சபைகளை வளர்த்தார். இச்சபைகளின் வேண்டுகோளுக்கு இணங்கியே லண்டன் பாப்திஸ்து ஊழியச் சங்கம் 1814இல் ஜான் ரோ என்பவரை அனுப்பியது. அவர் ஃபால்மத்தில் பள்ளி தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் மறைந்தார். எனவே ஊழியச் சங்கம் சபையை உண்டாக்கவில்லை. சபையே ஊழியரை அழைத்தது.

சபையின் உள்ளமைப்பும் குறிக்கத்தக்கது. உறுப்பினருக்குச் சீட்டு வழங்கப்பட்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ளோர் ஒரு தலைவரின் கீழ்க் குழுவாகக் கூடினர். அத்தலைவர்களிற் பலர் அடிமைகளே. சட்டத்தின் பார்வையில் உடைமைப் பொருளாக இருந்த ஒருவர் சபையில் பிறருக்குப் பொறுப்பேற்பவராக இருந்தார். தோட்ட முதலாளிகள் இவ்வாலயங்களை அஞ்சியதற்குக் காரணம் இவ்வமைப்பே எனலாம்.

1831: எழுச்சியும் இடிப்பும்

இங்கிலாந்தின் கெட்டரிங்கில் 1803இல் பிறந்த வில்லியம் நிப் 1825இல் ஜமைக்கா வந்து, 1830இல் ஃபால்மத் சபையின் போதகரானார். மறு ஆண்டு டிசம்பர் 27இல் தீவின் மேற்குப் பகுதியில் பேரெழுச்சி வெடித்தது. அதன் தலைவர் சாம் ஷார்ப், மாண்டிகோ பே பாப்திஸ்து சபையின் டீக்கன், அவரும் அடிமை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே அவர் வகுத்த திட்டம். அது தீவைப்பும் மோதலுமாக மாறி, இராணுவத்தால் அடக்கப்பட்டது. கொல்லப்பட்ட வெள்ளையர் ஏறத்தாழ 14 பேர். மோதலிலும் தூக்குமேடையிலும் மாண்ட அடிமைகளோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். ஷார்ப் 1832 மே 23இல் தூக்கிலிடப்பட்டார்.

முதலாளிகள் இதனைப் ‘பாப்திஸ்துப் போர்’ என்றனர். நிப் கைது செய்யப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டார். ஃபால்மத் ஆலயத்தைத் தங்குமிடமாகக் கொண்டிருந்த உள்ளூர்ப் படையினர் 1832 பிப்ரவரியில் அதனை இடித்தனர்; தீவின் பிற ஆலயங்களும் அழிக்கப்பட்டன. ஆனால் இடிப்பே ஒரு சான்றாயிற்று. அவ்வாண்டே இங்கிலாந்து சென்ற நிப், ஊர்தோறும் பேசியதோடு நாடாளுமன்ற இரு அவைகளின் குழுக்கள் முன்னும் சாட்சியமளித்தார். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் உடைமையாளர்களுக்கே சென்றது, அடிமைகளுக்கு ஏதுமில்லை. 1834க்குப் பின்னும் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் கட்டாய உழைப்பு நீடித்தது.

1838: ஒரு நள்ளிரவு

மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயத்தில் 1838 ஜூலை 31 இரவு மக்கள் கூடினர். நள்ளிரவில் முழு விடுதலை நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து சங்கிலி, சாட்டை, கழுத்து வளையம் ஆகியவற்றை ஒரு சவப்பெட்டியில் இட்டு ஆலய வளாகத்தில் புதைத்தனர். பெட்டியின்மீது அடிமைமுறை இறந்த நாளும் 276 ஆண்டு என அதன் வயதும் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வயது, ஜான் ஹாக்கின்ஸ் அடிமை வாணிகம் தொடங்கிய 1562ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்பட்டதாகும். கொடுமையைச் சபிப்பதோடு நில்லாமல் அதற்கு முறைப்படி ஈமக்கடன் ஆற்றிய இச்செயல் சடங்கியல் ஆய்வாளர் கருத்திற்கு உரியது.

இந்நிகழ்வைக் காட்டும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஆலயத்தினுள் உள்ளது. வில்பர்போர்ஸ் முதலிய ஆங்கிலச் சீர்திருத்தவாதிகளின் உருவங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் அதனை நிறுவியோர் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் என்றே அதன் வாசகம் கூறுகிறது. ஷார்ப்பின் பெயர் அதில் இல்லை. போற்றப்பட்டவர் யார், போற்றியவர் யார், விடுபட்டவர் யார் என்ற மூன்றையும் ஒரே கல்லில் வாசிக்க இயல்கிறது.

விடுதலைக்குப் பின்னர் முதலாளிகள் குடியிருப்பு வாடகையை உயர்த்தி மக்களை மீண்டும் பிணைக்க முயன்றபோது, போதகர்கள் நிலம் வாங்கிப் பிரித்து விற்றனர். இவ்வாறு எழுந்த ‘விடுதலை ஊர்’களுள் நிப் தம் பிறந்த ஊரின் பெயரை இட்ட கெட்டரிங்கும் ஒன்று.

1845: நம் வரலாறு தொடுமிடம்

1845 மே 10இல் ‘பிளண்டல் ஹன்டர்’ என்னும் கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஜமைக்காவில் முதன்முதலாக இறக்கியது. பெரும்பாலோர் வட இந்தியர். தொடக்க ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சிலர் சென்றனர். நாம் சஞ்சிக்கூலி என்று அறிந்த முறையே அது. பாப்திஸ்துப் போதகர்கள் அதனை எதிர்த்தனர்: விடுதலை பெற்றோர் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டே அவர்தம் கூலியைக் குறைக்க ஆள் கொணரப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு நவம்பரில் நிப் மஞ்சள் காய்ச்சலால் 42ஆம் வயதில் மறைந்து ஃபால்மத் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு கட்டாய உழைப்பு முறை புதைக்கப்பட்ட ஏழாம் ஆண்டிலேயே வேறொன்று அதே தீவில் கரையேறியது.

முடிவுரை

1944ஆம் ஆண்டுப் புயலில் ஆலயம் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டது. இன்று அது நிப்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷார்ப்பை ஜமைக்கா 1975இல் தேசிய வீரராக அறிவித்தது. நிப்புக்கு 1988இல் உயர் விருது அளித்தது. ஆயினும் ஆலயத்தை ஆக்கியவர், பெயர் பதிவாகாத அந்தச் சீட்டுடைய உறுப்பினரே என்பது இவ்வரலாற்றால் தெளிவாகிறது. புலம்பெயர்ந்த நம் முன்னோர் தோட்டங்களில் எழுப்பிய கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் நிலம் கைமாறும்போது இடிபடுகின்றன. அவற்றின் கல்வெட்டுகளையும் நன்கொடைப் பட்டியல்களையும் அதற்கு முன்பே தொகுப்பது நம் துறையின் காலங்கடத்தவியலாத கடமையாகும்.