கடுகு வெடித்தால் வயிற்றில் நாற்காலி விரியும்

ஈரோட்டிலிருந்து 58 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சாப்பிட்டால் வயிறு கல்லாகக் கனக்கிறது, நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. மகள் காட்டிய வீடியோவில் ஒருவர், "உங்களுக்கு அமிலம் அதிகமில்லை, குறைவு. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் வேர்" என்றாராம். அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனையும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் கால் ஸ்பூன் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவு. அவருக்கு ஏழு நிமிடம் ஆனது. மறுநாளே ஆப்பிள் சிடர் வினிகர் பாட்டில் வீடு வந்து சேர்ந்துவிட்டது. "பாதி தீர்ந்துவிட்டது, மீதியையும் குடிக்கலாமா?" என்று கேட்கிறார்.

சோடா கணக்கை முதலில் முடித்துவிடுவோம். வெறும் வயிற்றில் இரைப்பைக்குள் கிடக்கும் நீர் சுமார் 30 மில்லி. அதன் பி.எச். அளவு 1.5 என்று வைத்துக்கொண்டு, அதிலுள்ள அமிலம் மொத்தமும் சோடாவோடு சேர்ந்து நுரைத்துத் தீர்ந்தாலும், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 25 மில்லிகூட வராது. ஐந்து டீஸ்பூன் காற்று! பேச்சோடும் காபியோடும் நாம் விழுங்கி வைத்திருக்கும் காற்றே அதைவிட அதிகமாக இருக்கலாம். அந்த ஐந்து டீஸ்பூன் எந்த நிமிடத்தில் மேலே ஏறும் என்பது நீங்கள் நின்றீர்களா, சாய்ந்து உட்கார்ந்தீர்களா என்பதைக்கூடப் பொறுத்தது. கடிகாரத்தைப் பார்த்து ஏப்பத்தை எண்ணி அமிலத்தை அளப்பது, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதை வைத்து டேங்கில் டீசல் எவ்வளவு என்று சொல்வது மாதிரி.

வினிகர் கணக்கு இன்னும் சுலபம். பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். ஒரு ஸ்பூன் வினிகரை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ 3. பட்டினியாக இருக்கும் இரைப்பையில் 1.5 முதல் 2 வரை. குடிக்கிற பானத்தைவிட அது போய்ச் சேருகிற இடம் பத்திலிருந்து முப்பது மடங்கு புளிப்பு. கொதிக்கிற உலையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் சூடேற்றப் பார்க்கிறோம். இதில் உறுதியாகப் பாதிக்கப்படுவது பல் எனாமல் ஒன்றுதான்.

அப்படியானால் வயிற்றில் அமிலம் எப்படித்தான் கூடுகிறது, எப்படிக் குறைகிறது? இந்தக் கட்டுரையை எழுத நான் ஒப்புக்கொண்டதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அமிலத்தைச் சுரப்பவை இரைப்பைச் சுவரில் இருக்கும் பெரைட்டல் செல்கள். ரத்தத்தில் மிகச் சொற்பமாக இருக்கும் ஹைட்ரஜன் அயனியை, 10 லட்சம் மடங்குக்கும் மேல் செறிவாக்கி வெளியே தள்ள வேண்டும் என்பது அவற்றின் வேலை. நம் உடம்பில் இதைவிடச் செங்குத்தான ஏற்றம் வேறெங்கும் கிடையாது. ஒவ்வொரு அயனியைத் தள்ளவும் ஆற்றல் செலவாகும். அதனால் அந்தச் செல்லின் பருமனில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கிறது. தள்ளுகிற இயந்திரத்துக்குப் புரோட்டான் பம்பு என்று பெயர்.

இவ்வளவு செலவு பிடிக்கிற பம்பை நாள் முழுக்க ஓடவிட முடியுமா? கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் மடக்கு நாற்காலிகளெல்லாம் பின்கட்டு அறையில் அடுக்கிக் கிடக்கும். பெரைட்டல் செல்லிலும் பம்புகள் செல்லுக்கு உள்ளேயே சின்னச் சின்னச் சவ்வுப் பைகளில் மடங்கிக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும்வரை அவை வேலை செய்வதில்லை. சாப்பாடு வருகிறது என்று தகவல் வந்ததும் அந்தப் பைகள் விளிம்புக்கு ஓடி, வெளிச்சவ்வோடு ஒட்டி விரிகின்றன. செல்லின் சுரக்கும் பரப்பு சில நிமிடங்களில் பல மடங்காகிறது. பந்தி முடிந்ததும் சவ்வு மறுபடி உள்ளே இழுக்கப்பட்டு, நாற்காலிகள் பின்கட்டுக்குத் திரும்பிவிடும்.

தகவல் சொல்ல மூன்று பேர். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு, வாசலில் வாசிக்கிற நாகஸ்வரம். காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், "மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு" என்று மைக்கில் அறிவிக்கிற மேனேஜர். ஹிஸ்டமின், நாற்காலி போடும் பையன்களின் காதருகே போய்க் கத்துகிற மேஸ்திரி. மேனேஜர் சொல்வதில் பெரும்பகுதி இந்த மேஸ்திரி வாய்வழியாகத்தான் போகிறது. அவர் வாயைப் பொத்திய மருந்துதான் சிமெடிடின். அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் கிடைத்தது.

நாகஸ்வரம் பந்திக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். ஒரு சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, உணவு இரைப்பையைத் தொட்டதால் வருவதல்ல. பார்த்ததால், முகர்ந்ததால், மென்றதால் வருவது. 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஆட்களை உட்காரவைத்து, கண்ணிலும் காட்டாமல், வாசனையும் பிடிக்கவிடாமல், பிடித்த உணவைப் பற்றிச் சும்மா பேசவைத்தார்கள். உணவை மென்று துப்பினால் எவ்வளவு அமிலம் சுரக்குமோ அதில் பாதிக்கு மேல் வெறும் பேச்சிலேயே சுரந்துவிட்டது. எண்ணெயில் கடுகு வெடிக்கும்போது, பெருங்காயத்தூள் விழும்போது, கூடத்தில் பேப்பர் படிக்கிறவரின் வயிற்றில் நாற்காலிகள் விரிய ஆரம்பித்துவிடுகின்றன. வினிகரால் முடியாததை ரசத்தின் தாளிப்பு செய்துவிடுகிறது, அதுவும் அடுத்த அறையிலிருந்தே.

பம்புச் செலவை மிச்சம் பிடிப்பதில் மலைப்பாம்பு நம்மைவிடக் கெட்டி. பர்மிய மலைப்பாம்பின் இரைப்பை, இரை இல்லாத நாட்களில் ஏறக்குறைய நடுநிலையில், பி.எச். 7இல் கிடக்கும். இரையை விழுங்கிய ஒரு நாளில் 1.5க்கு இறங்கிவிடும். அது மண்டபத்தையே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற கட்சி.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரையா என்று ஆசிரியர் கேட்பார் என்பதால் ஒரு பத்தி. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1820களில் சொன்னவர் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட். 1822இல் குண்டடிபட்டு வயிற்றில் ஆறாத ஓட்டையோடு பிழைத்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டினை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து, 1833இல் புத்தகம் போட்டவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். நாயைக் காட்டி இதே நாகஸ்வரத்தை விளக்கி 1904இல் நோபல் வாங்கினார் பாவ்லோவ். அந்த நாய்களின் இரைப்பை நீரை அஜீரணத்துக்கு மருந்தாக விற்றும் அவருடைய ஆய்வகம் காசு பார்த்தது. வீடியோக்காரர்களுக்கு முன்னோடி இல்லாமலில்லை.

நாற்காலிக்கு வருகிறேன். நம் ஊரில் பாதிப் பேர் 'கேஸ் மாத்திரை' என்று விழுங்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மருந்துகள், விரித்துப் போட்ட நாற்காலியில் தடவுகிற பசை. குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியே பெரைட்டல் செல்லுக்கு வந்து, அங்கே சுரக்கும் அமிலம் பட்டால்தான் அந்தப் பசைக்கே ஒட்டும் குணம் வருகிறது. பின்கட்டில் மடக்கிக் கிடக்கும் நாற்காலியில் ஒட்டாது. மருந்து ரத்தத்தில் இருப்பதோ சில மணி நேரம். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு பதினோரு மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர், யாரும் வராத மண்டபத்தில் பசை வாளியோடு நிற்கிறார்.

ஒட்டப்பட்ட நாற்காலி மறுபடி உதவாது, செல் புதிதாகத்தான் செய்துகொள்ள வேண்டும். இதற்கிடையில் அமிலம் குறைந்ததைப் பார்த்த மேனேஜர் மைக்கில் மேலும் மேலும் கத்துகிறார், அதாவது காஸ்ட்ரின் ஏறுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அத்தனை கத்தலுக்கும் சேர்த்து நாற்காலி வந்து விழும். 2009இல் டென்மார்க்கில் எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 8 வாரம் இந்த வகை மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. ஒப்பீட்டுக்காக வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் அது 15 சதவீதம் அளவில்தான். மருந்து கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. புண் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கும் அது உயிர் காக்கிறது. நிறுத்துவதானால் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக நிறுத்த வேண்டும். (இதற்கு மேல் நாற்காலி தாங்காது. மண்டபத்துச் சுவர் தானே விரிந்து சுருங்குவதில்லை, பெரைட்டல் செல்லின் சவ்வில் அது நடக்கிறது.)

ஈரோட்டு வாசகரின் எரிச்சலுக்கு அமிலத்தின் அளவு பெரும்பாலும் காரணமே அல்ல, இடம்தான் காரணம். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வாசல்தசை நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால், சரியான அளவு அமிலமே தப்பான இடத்துக்கு ஏறி எரிக்கும். இதற்கு நம்பி இறங்கக்கூடிய பழக்கங்கள் எல்லாமே சாதாரணமானவை. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுவது. ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது. தொப்பையைக் குறைப்பது. பீடி, சிகரெட்டை விடுவது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் குளம் வாசலுக்குக் கீழே போய்விடும், வலது பக்கம் படுத்தால் வாசல் மூழ்கிவிடும். எரிச்சலுக்குப் பால் குடிக்கிறவர்கள் அது முதலில் அணைத்து, பிறகு அதன் கால்சியமும் புரதமும் புதிதாக அமிலம் சுரக்கவைக்கும் என்பதை அறிந்து குடிக்கலாம். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது மட்டும் கூடாது, அமிலத்திலிருந்து சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அந்த மாத்திரைகளில் பல மெலியவைக்கும்.

நிஜமாகவே அமிலம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். ஹெலிகோபாக்டர் பாக்டீரியா வருடக்கணக்கில் குடியிருந்து இரைப்பைச் சுவர் தேய்ந்தவர்கள், உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெரைட்டல் செல்லைத் தாக்குகிறவர்கள். அவர்களுக்கு இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறையும், ரத்தசோகை வரும். அதைக் கண்டுபிடிக்க எண்டோஸ்கோப்பியும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. 58 வயதில் புதிதாகத் தொடங்கிய தொல்லை என்றால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மீதிப் பாதி பாட்டிலைப் பற்றி: பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, உப்பும் மிளகாயும் சேர்த்து அதில் ஊறவைக்கலாம். பிரியாணிக்கு நன்றாக இருக்கும்.