வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டு

மஸ்கெலியாத் தோட்டங்களில் காலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும்போது கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையும் சேர்ந்து போகும். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பார்கள். நிலத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்த எமது வாசகர்களுக்கும் வேலையில்லாப் பகலைக் கழிக்க ஒரு வாய் வெற்றிலை உதவுவதை நாம் அறிவோம். ஆகவே இம்முறை வாயைப் பற்றி எழுதுகிறோம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளையைப் பாருங்கள். வெட்டுக் காயத்தின் ஓரத்தில் பட்டை வளர்ந்து மூடும், மூடியதும் நின்றுவிடும். எமது உடலின் கலங்களும் அப்படியே, தேவைக்கு மட்டும் பெருகி இழையத்தைச் சீராக்குகின்றன. ஆனால் பாக்கும் புகையிலையும் கன்னத்தின் ஒரே இடத்தில் வருடக்கணக்காக ஒதுங்கிக் கிடந்தால், கலங்களுக்குள் இருக்கும் அந்தக் கட்டுப்பாடு பழுதாகிறது. அவை வடிவம் மாறி, ஒழுங்கு தப்பிப் பெருகத் தொடங்குகின்றன. இது இன்னும் புற்றுநோய் அல்ல. அக்கலங்கள் தம் எல்லையைத் துளைத்து அடியிலுள்ள இழையத்துள் இறங்கினால்தான் புற்றுநோய். இடையில் பல வருடங்கள் கிடைக்கலாம். எல்லாத் திட்டும் அந்நிலைக்குப் போவதுமில்லை.

சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவந்த திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, கன்னம் இறுகி வாய் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் பலர் பிந்தி வருகிறார்கள்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்போர் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985 இலேயே குற்றவாளி என்றது. 2003 இல் கூடிய அதன் நிபுணர் குழு பாக்கு மட்டுமே போதும் என்று கண்டது. யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்டு வாழ்ந்த குடும்பங்களுக்கு இது கசக்கும். அந்தப் புகையிலைக்கு ஒரு காலத்தில் திருவிதாங்கூர் பெரிய சந்தையாக இருந்தது. அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பார்க்கப்பட்ட ஊர்களில் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 34 குறைந்ததாக 2005 இல் வெளிவந்தது.

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துக் கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போங்கள், கட்டணம் இல்லை. சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வருமுன் வேறு இடம் மாற நேர்ந்தால், கிளினிக் அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய், புதிய இடத்து வைத்தியரிடம் முதல் வாரத்திலேயே காட்டுங்கள்.