ஒண்முகிலின் நிறம் யாது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், மூடுபனி விலகிய பிப்ரவரி இரவில், திருவாதிரை மீனுள்ள ஓரியன் மண்டலத்தின் ஒண்முகிலை, அதாவது நெபுலாவை, வெறுங்கண்ணால் நோக்கினால் சாம்பற்புகையாகவே தோன்றும். ஒளிப்படமோ சிவப்பாகக் காட்டும். படம் பொய்யா என மாணவர் வினவுவர். பொய்யன்று. மங்கிய ஒளியில் விழித்திரையின் கோலுருச் செல்களே பணிபுரிகின்றன. அவை நிறம் அறியா.

அச்சிவப்பு, 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் உமிழ்வது. சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி அதிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆர்வலர் சிலர் வடிகட்டியையே அகற்றிவிடுவர். ஹப்பிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற 1995ஆம் ஆண்டுத் தூண்கள் படத்திலோ ஹைட்ரஜனுக்குப் பச்சை சூட்டப்பட்டது. மாணவர் ஐயம் அங்கே தகும்.

ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் ஒளிர்கிறது. அது பச்சையா, நீலமா? சேலைக் கடைக்காரர் தயங்காமல் ‘மயில்கழுத்து’ என்பார். கலைச்சொல் தேடுவோர் அவரையும் ஒருமுறை கேட்கலாம்.