ரூட்டர் வாங்கும் முன்...



உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக பிராட்பேண்ட் இணைப்பு வரப் போகிறதா? 'எந்த ரூட்டர் வாங்கலாம்?' என்று அப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்தபோது, 'கண்ணில் படாமல் இருக்கட்டும்' என்று ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். பேத்தி படிப்பது பின்பக்க அறையில். அரையாண்டுத் தேர்வு நேரம். பாட வீடியோ நின்று நின்று வர, அவள் கண் கலங்கிவிட்டாள். உடனே, ஆறு ஆன்டெனா உள்ள விலை உயர்ந்த ரூட்டர் வாங்க, பென்ஷன் பணத்தோடு கிளம்பினேன்.

"தாத்தா, முதலில் இதை இடம் மாற்றிப் பார்க்கலாமே!" என்றாள் பேத்தி.

இணைப்புக் கொடுத்தவரை அழைத்து, கூடத்தின் நடுச்சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினோம். வீடியோ தடையின்றி ஓடியது! பணமும் மிச்சம்.

காரணம் என்ன தெரியுமா? ரூட்டர் அனுப்புவது ரேடியோ அலை. இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட் சுவரும், தண்ணீர்த் தொட்டியும் அதை விழுங்கிவிடும்.

சரி, புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்? இவற்றைக் கவனியுங்கள்.

* ஃபைபர் இணைப்பு என்றால், நிறுவனம் தரும் பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். எல்லா ரூட்டரும் எல்லா இணைப்புக்கும் பொருந்தாது.

* 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையும் உள்ளதா? 2.4 சுவர் தாண்டி அதிக தூரம் போகும். 5 வேகமானது, ஆனால், சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

* அட்டைப்பெட்டியில் '1,200' என்று பெரிதாக அச்சிட்டிருக்கலாம். மயங்காதீர்கள்! நீங்கள் பணம் கட்டியது 50 மெகாபிட்டுக்கு என்றால், இன்டர்நெட் அந்த வேகத்தில்தான் வரும். இந்தியாவில் 2004ல் வினாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்றனர். 2023ல் அந்தக் குறைந்தபட்ச வேகத்தை 2 மெகாபிட் ஆக்கினர். வேகத்தைத் தருவது இணைப்பு. ரூட்டர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

* இணைப்பு வந்ததும், ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை பெரியவர்கள் துணையுடன் மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரும், போன் நம்பரும் அதில் வேண்டாம்.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டின் வரைபடத்தைத் தாளில் வரையுங்கள். யார் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள், பீரோ எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று குறியுங்கள். ரூட்டருக்கு ஏற்ற இடம் தானாகத் தெரியும். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.

'கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுக் கணக்கைப் போடு' என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொன்னவன் நான். அன்று, கேள்வியைப் படிக்காமல் கிளம்பியவனும் நான்தான்!